உடுத்தாமல் கசங்கிய சட்டை

படத்தில் அந்தக் காட்சி வந்தபோது முன்வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. இருட்டில் முகங்கள் தெரியவில்லை. கழுத்துகள் திரும்புவது மட்டும் தெரிந்தது. அதுவே போதுமாக இருந்தது.

திரையில் ஒரு சலவைக்கடை. உதட்டுச் சாயம் பூசிய ஒரு பெண், தேர்தலில் தோற்று வீட்டோடு முடங்கிய தலைவரின் துணிப்பையைப் பிரித்தாள். வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்துக் காலரை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு கையை இறக்கிவிட்டுச் சும்மா நின்றாள். வசனம் எதுவும் இல்லை. சட்டையில் வியர்வை இல்லை, அவர் அதைப் போடவே இல்லை, போட்டுக்கொண்டு போக இடமும் இல்லை என்பது கடைசி வரிசைக்கும் புரிந்தது.

லாண்டரியக்கா குனிந்துகொண்டாள். அந்தக் காட்சியும் அதற்கு அடுத்ததும் முடியும்வரை தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னைவிட நல்லா இருக்கா," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர். காதோடுதான் சொன்னார். ஆனால் அவர் காதோடு சொன்னாலும் மூன்று வரிசைக்குக் கேட்கும். தெருவில் அவருக்கு ரேடியோ என்று பெயர்.

லாண்டரியக்கா சிறுவயதில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவள். விரிப்புகளைப் பார்த்தாலே எந்தப் படுக்கையில் இருப்பவர் தேறுவார், யார் தேறமாட்டார் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். நோயாளிகளின் உறவுக்காரர்கள் பின்வாசலில் வந்து நைச்சியமாகக் கேட்பார்கள். ஒரே ஒருமுறை சொன்னாள். சொன்னது சரியாகவும் இருந்தது. கேட்டவர் அவளை அடிக்க வந்துவிட்டார். துணி பேசினால் அது தன் காதோடு நிற்கவேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தாள். பின்னாளில் சொந்தக் கடை போட்டபோதும் அந்த முடிவுதான் முதலீடு.

கடையில் யாருக்கும் பெயர் கிடையாது. துணியின் உள்மடிப்பில் சிவப்பு நூலால் போட்ட குறிதான். வங்கிக் குமாஸ்தா கூட்டல் குறி. பள்ளிக்கூடத்து டீச்சர் வளையம். முன்னாள் தலைவரின் வீடு இரட்டைப்புள்ளி. இதில் ஒரு வசதியும் இருந்தது. 'தலைவர்' என்றால் தெருவில் பாதிப் பேருக்குப் பிடிக்காது. 'அந்த ஆள்' என்றால் மீதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். 'இரட்டைப்புள்ளி வீடு' என்றால் வம்பில்லை.

அவருடைய ஆட்சியில்தான் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. அதே ஆட்சியில்தான் ஆற்றோரத்து மில்லைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். ஒரு சாராருக்கு அவர் குழாயைத் திறந்தவர், இன்னொரு சாராருக்கு மில்லை மூடியவர். லாண்டரியக்கா வீட்டில் இரண்டு சாராரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள். தண்ணீர் வந்ததால் அவள் கடை போட்டாள். மில் மூடியதால் அவள் கணவர் அந்தக் கடையின் மூட்டைகளைச் சைக்கிளில் வைத்துத் தள்ளினார். தண்ணீரைப் பற்றி அவர் பேசமாட்டார். மில்லைப் பற்றி அவள் பேசமாட்டாள். குடும்பம் ஓடியது.

தலைவர் தோற்ற பிறகும் இரட்டைப்புள்ளி வீட்டிலிருந்து பை வருவது நிற்கவில்லை. முன்பு எத்தனை சட்டை வந்ததோ அத்தனையும் வந்தன. எல்லாம் கசங்கி வந்தன. ஆனால் காலர் சுத்தம், கைமுனை சுத்தம். ஒரு மனிதன் கையை மடக்கியிருந்தால் முழங்கையில் சுருக்கம் விழும். அங்கே ஒன்றும் இல்லை. முதுகுப் பகுதி மட்டும் அகலமாக, தட்டையாக நசுங்கியிருந்தது. மோந்து பார்த்தாள். அவள் கடைச் சோப்பின் வாசனைதான் வந்தது. தண்ணீர் தெளித்து, நீவி, தேய்த்து, மடித்து அனுப்பினாள். அடுத்த வாரம் அதே சட்டைகள் அதே நசுங்கலோடு வந்தன.

வாழ்க்கையில் அவள் தன் விதியை மீறியது அப்போதுதான். மத்தியானச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னாள்.

"அந்த வீட்டுச் சட்டை போடாமலே வருது."

"போடாம எப்படிக் கசங்கும்?"

"அதுதான் தெரியலை."

அவ்வளவுதான் பேச்சு. தலைவர் இறந்தார். பெரிய ஊர்வலம் போயிற்று. அவருடைய மனைவியின் துணிகளும் விரிப்புகளும் மட்டும் இரட்டைப்புள்ளியோடு வந்துகொண்டிருந்தன. இப்போது அவரைப் பற்றி ஒரு படம் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பேச்சு திரையில் ஓடுகிறது.

இன்னொன்றும் ஓடியது. சட்டைக் காட்சிக்கு முன்னால், மில் வாசலில் தொழிலாளர்கள் முண்டியடித்து 'ஒழிக' என்று கத்தும் காட்சி. கூட்டத்தின் நடுவே, தொப்பி வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்து கத்தியவர் அவள் கணவர். அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் தியேட்டரின் மேற்கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலை கடை திறந்ததும் வட்டம் வந்தார். தலைவருடைய கட்சியின் வட்டச் செயலாளர். எல்லாரும் வட்டம் என்றுதான் சொல்வார்கள், உடம்பும் அதற்கு ஒத்துழைத்தது.

"படம் பாத்தியாமே."

"பாத்தேங்க."

"எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் நீளம்."

வட்டம் சிரிக்கவில்லை. மேஜை மேலிருந்த மடித்த துணியை விரலால் நகர்த்திப் பார்த்தார்.

"தலைவர் சட்டை போட்டாரா போடலையான்னு சினிமாக்காரனுக்கு யாரும்மா சொல்லியிருப்பா?"

"தெரியலைங்க."

"சரி, அது தெரியாது. அந்த வீட்டுத் துணி எந்தக் கடைக்கு வந்துச்சு? அதாவது தெரியுமா?"

அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"மில்லைக் காட்டட்டும். திட்டட்டும். அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம். ஆனா ஒரு நாதியும் வராம வீட்ல உக்காந்திருந்தார்னு காட்டுறான் பாரு. பாக்கிறவன் என்ன கேப்பான்? அப்ப நீங்கள்லாம் எங்கடா போயிருந்தீங்கன்னு கேக்க மாட்டான்?" சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல் உதட்டைத் துடைத்துக்கொண்டார். "அம்மா ரொம்ப மனசொடிஞ்சு போயிருக்காங்க. இனிமே அந்த வீட்டுத் துணி இங்க வராது."

அம்மா என்றால் தலைவரின் மனைவி. அந்த வாரம் இரட்டைப்புள்ளிப் பை தெருவைத் தாண்டி வேறொரு கடைக்குப் போயிற்று. தெருவே அதைப் பார்த்தது.

பிறகு ஒவ்வொருவராக மாறினார்கள். வங்கிக் குமாஸ்தா கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்துவிட்டுக் கொண்டுவந்தார். எல்லாப் பைகளும் நாக்கு நீட்டிக்கொண்டிருந்தன. மருந்துக்கடைக்காரர் வீட்டில் துவைத்துக் கொடுத்தார்கள். "சும்மா ஒரு தடவை அலசிக் குடு போதும்," என்றார்கள். டீச்சர் தன் துணியைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. தேய்த்து முடியும்வரை எதிரே நின்றார்.

"உக்காருங்களேன் டீச்சர்."

"இல்லை இல்லை, நீ பண்ணு. நான் பாத்துட்டிருக்கேன்."

மில் சாரார் வேறு விதமாக வந்தார்கள். துணி இல்லாமலே வந்தார்கள்.

"வேற என்னல்லாம் வந்துச்சுக்கா அந்த வீட்லருந்து? ரத்தக் கறை கிறை?"

"உங்க வீட்லருந்து என்ன வந்துச்சுன்னு அவங்ககிட்ட சொல்லட்டுமா?" என்றாள். கேட்டவர் சிரித்துக்கொண்டே போனார். ஆனால் அதன் பிறகு அவரும் துணி அனுப்பவில்லை.

பின்முற்றத்துக் கொடிகள் பாதி காலியாக ஆடின. இப்படியே இன்னும் ஒரு மழைக்காலம் போனால் கடையைச் சாத்தவேண்டியதுதான். கறையை எடுப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கறையைப் பற்றிப் பேசாதவள் என்பதற்காகத்தான் அவளிடம் வந்தார்கள்.

அந்த விஷயம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவள் சொல்லவில்லை. கணக்கு நேராக ஒரே ஆளிடம் போய் நின்றது. அந்த ஆள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்காவைப் பாத்துட்டு வர்றேன்னு ஒரு நாள் போனீங்களே. அது அந்த ஷூட்டிங்கா?"

"அக்கா வீடும் அந்தப் பக்கம்தானே."

"அக்கா வீட்டுக்குப் போனீங்களா இல்லையா?"

"தெருமுனை வரைக்கும் போனேன்." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நிஜமா மில் மூடுனப்ப என்னால கத்த முடியலை. போலீஸ் வரிசையா நின்னுச்சு. இங்க என்னடான்னா காபி குடுத்துக் கத்தச் சொல்றாங்க. எவன் விடுவான்? நீ அந்த வீட்டுத் துணி துவைக்கிறவ, தெரிஞ்சா சங்கடப்படுவேன்னுதான் சொல்லலை."

"அங்க யார்கிட்ட என்ன பேசுனீங்க?"

"ஒழிகன்னு பேசுனேன். முதல் தடவை சரியா வரலை, இன்னொரு தடவைன்னாங்க."

"நான் கேக்கிறது சட்டையைப் பத்தி."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "உன் தலைமேல சத்தியமா சொல்லலை."

"என் தலையை விடுங்க. உங்க தலைமேல அடிச்சுச் சொல்லுங்க."

அவர் கையைத் தூக்கினார். தலை வரைக்கும் போகாமல் கை நின்றது.

"சொல்லலைன்னுதான் நினைக்கிறேன்," என்றார். "நான் பேசுறதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்குமா? அதுக்கு இன்னொரு ஆள் போடணும்."

அன்றிலிருந்து அவரிடம் அவள் எதையும் சொல்வதில்லை. மூட்டைகளை அவளே கட்டினாள், வாயை இறுக்கி முடிச்சுப் போட்டாள். அவர் தெருமுனையில் யாருடன் நின்றாலும் இஸ்திரி மேஜையிலிருந்து பார்ப்பதற்காக மேஜையைத் திருப்பிப் போட்டாள். அவர் கையை ஆட்டிப் பேசினால் எதைப் பற்றி இவ்வளவு ஆட்டுகிறார் என்று நினைத்தாள். ஆட்டாமல் பேசினால் அதைவிடச் சந்தேகமாக இருந்தது. இத்தனை வருடம் கூடவே இருந்த மனுஷன் அறையில் நடந்தால் யாரோ உள்ளே வந்துவிட்டதுபோல் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு பகல் காட்சிக்கு அவள் மட்டும் போனாள். அன்று குனிந்துகொண்டதால் அந்தக் காட்சியை அவள் முழுதாகப் பார்த்திருக்கவில்லை. இரண்டு பேரின் பேச்சில் எது படத்துக்குள் போயிருக்கிறது என்று தெரிந்தால், அதை வைத்து அவரை மடக்கலாம் என்பது எண்ணம்.

தியேட்டர் காலி. படம் தன்பாட்டுக்கு ஓடியது. குழாய் திறந்தார்கள், மாலை போட்டார்கள். மில் மூடினார்கள், கணவர் வந்து கத்திவிட்டுப் போனார். நன்றாகத்தான் கத்தினார். தேர்தல் வந்தது, தலைவர் தோற்றார். வாசலில் கார்கள் குறைந்தன. தொலைபேசிப் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அது அடிக்கவில்லை.

உதட்டுச் சாயக்காரி வந்து காலரை மோந்து பார்த்துவிட்டு நின்றாள். அடுத்தது படுக்கையறை. தலைவர் கதவைச் சாத்தினார். தேய்த்து வந்த சட்டை ஒன்றை எடுத்துப் பொத்தான்களைக் கழற்றினார். நாற்காலியின் முதுகிலும் இருக்கையிலுமாக அதை விரித்தார். அதன்மேல் உட்கார்ந்து, நன்றாகச் சாய்ந்து, பேப்பர் படித்தார். படித்து முடித்ததும் எழுந்து, உடுத்திக் கழற்றியதுபோல் கசங்கியிருக்கிறதா என்று சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். திருப்தியாகச் சலவைப் பைக்குள் போட்டார்.

லாண்டரியக்காவின் கை தானாக நகர்ந்தது. அந்த அகலமான, தட்டையான நசுங்கல். அதை எத்தனை தடவை நீவியிருக்கிறாள். எப்படி விழுந்தது என்று ஒருநாளும் தெரிந்ததில்லை. அவளுக்கே தெரியாததை அவள் எப்படிச் சொல்லியிருப்பாள்? கணவருக்கு ஏது வழி? கதை எழுதியவன் மனதால் நினைத்து எழுதியிருந்தால் கையால் கசக்குவதாக எழுதியிருப்பான். உட்கார்ந்து கசக்கியதைப் பார்த்தவர்கள்தான் சொல்லியிருக்கவேண்டும். அந்த அறையில் புழங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் இறந்துவிட்டார்.

படம் முடியும்முன் எழுந்து வெளியே வந்தாள்.

வழக்கமாகப் பை வாங்கும் பின்கதவைத்தான் தட்டினாள். அம்மாவே திறந்தார். மெலிந்து போயிருந்தார். அங்கியின் கழுத்தருகே பழுப்பாக ஒரு முக்கோணம்.

"புதுக் கடைக்காரன் பொசுக்கிட்டான்," என்றார். "உள்ள வா. உக்காரு."

"நிக்கிறேம்மா." அவளுக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "படத்துல ஐயா நாற்காலியில உக்கார்றாரே," என்றாள்.

அம்மா திரும்பிக் கூடத்தைப் பார்த்தார். அங்கே தலைவரின் படம், கட்சிக்காரர்கள் போட்ட மாலை. யாரும் இல்லை. ஆனாலும் நடுக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீ மோந்து பாப்பேன்னு எனக்குத் தெரியும்," என்றார். "நானும் மோந்து பாத்தேன். சோப்பு வாசனைதான் வந்துச்சு. அப்புறம் ஒரு நாள் கதவு இடுக்கு வழியாப் பாத்தேன்."

லாண்டரியக்கா கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"அந்த டைரக்டர் பையன் வந்து உக்காந்தான். தண்ணியைப் பத்திக் கேட்டான், மில்லைப் பத்திக் கேட்டான். எல்லாரும் கேக்கிறதுதான். கிளம்புறப்ப, வீட்ல எப்படி இருப்பார்னு கேட்டான். அதை யாரும் என்கிட்ட கேட்டதே இல்லை. வாய் தானாத் திறந்துடுச்சு."

"என் பேரு கெட்டுப் போச்சும்மா. வட்டம் வந்து கடைவாசல்ல நின்னு கேக்கிறார்."

"என்கிட்டயும் கேட்டார். லாண்டரிக்காரிதானேன்னார். நான் ஆமான்னு சொல்லலை."

"இல்லைன்னும் சொல்லலை."

"சொல்லலை." அம்மா பொசுங்கிய இடத்தைத் தடவிக்கொண்டார். "இந்த வீடு கட்சியோடது. முன்கதவுச் சாவி இன்னொண்ணு வட்டத்துக்கிட்ட இருக்கு. நினைச்சா திறந்துட்டு வருவார். நான் எங்க போவேன்?" பிறகு மெதுவாக, "நீ சொல்றதுன்னா சொல்லிக்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்," என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கடைசி வாக்கியத்தைத் துணியைப்போல் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அது அனுமதியா, அல்லது வாயைக் கட்டுவதற்கான சாமர்த்தியமா? கோபித்துக்கொள்வேன் என்று சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவள் போய்ச் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. நம்பினாலோ, இன்னொரு சாவி பூட்டுக்குள் போகும். வீட்டு வாசலை மிதிக்கும்போது சொல்வதில்லை என்று ஆகிவிட்டிருந்தது.

ஆனால் ஒரு ஆளிடம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும்.

"நீங்க இல்லை," என்றாள், இஸ்திரிப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு.

"என்ன நான் இல்லை?"

"சட்டை விஷயம். நீங்க சொல்லலை. தெரிஞ்சுடுச்சு."

அவர் முகம் விரிந்தது. பெரிதாக மூச்சு விட்டார். "நான்தான் சொன்னேன்ல? எனக்கே சந்தேகம் வர்ற மாதிரி பண்ணிட்டியே. அப்ப யாரு?"

அவள் துணியின்மேல் பெட்டியை நகர்த்தினாள். பெயரைச் சொன்னால் இவருக்கு நிம்மதி. சாயங்காலத்துக்குள் தெருவில் எல்லாக் குழாயிலும் அதுதான் வரும்.

"அது எதுக்கு உங்களுக்கு?"

"தெரிஞ்சுடுச்சுங்கிற. யாருன்னு சொல்ல மாட்டேங்கிற."

அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. இரண்டு பேருக்குத் தெரிந்த விஷயம். இரண்டில் ஒன்று போனால் மிச்சம் எதிரே நின்று தேய்த்துக்கொண்டிருக்கிறது.

"அடிப்பாவி," என்றார். அவர் குரல் பக்கத்து அறைக்குக்கூடப் போகாமல் நின்றது அன்றுதான்.

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் இல்லை என்றால் வேறு யார் என்று கேட்பார், கேட்டுக்கொண்டே இருப்பார். அவள் சட்டையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைத் தேய்த்தாள்.

அடுத்த நாள் முழுக்க ரேடியோ வாயைத் திறக்கவில்லை. உடம்புக்கு முடியவில்லையா என்று தெருவில் விசாரித்தார்கள். அதற்கு மறுநாள் காலை, காபிக் கடையில் இரண்டு சாராரும் இருக்கும் நேரம் பார்த்துப் போனார். பெஞ்சின்மேல் ஏறாத குறையாக நின்று, "சட்டை விஷயத்தை சினிமாக்காரன்கிட்ட சொன்னது நான்தான். ஷூட்டிங் போன இடத்துல சொன்னேன். என் பெண்டாட்டிக்கு ஒண்ணும் தெரியாது," என்றார்.

உடனே எல்லாரும் நம்பினார்கள். எப்போது, யாரிடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ரேடியோவைத் தவிர வேறு யார் சொல்லியிருப்பார்கள், இது இவ்வளவு நாள் நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்பதுதான் ஆச்சரியம். வட்டம் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். பொத்தான் தெறித்தது. மில் ஆட்கள் வந்து விலக்கிவிட்டார்கள். ஒருவர் அவருக்குக் காபிகூடச் சொன்னார்.

மத்தியானம் வட்டம் கடைக்கு வந்தார்.

"உன்மேல தப்பில்லைம்மா. ஆனா வீட்டுக்காரரைக் கொஞ்சம் அடக்கி வை. அந்த வீட்டு மூட்டையை அவர் தொடக் கூடாது."

"சரிங்க."

அந்த வாரமே இரட்டைப்புள்ளிப் பை திரும்பி வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பொசுங்கிய அங்கி இருந்தது. துணியோடு எந்தச் செய்தியும் இல்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டாள், ஆனாலும் பையின் அடிவரை கையை விட்டுப் பார்த்தாள். குமாஸ்தாவின் கால்சட்டைப் பைகள் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டன. மருந்துக்கடை வீட்டிலிருந்து அழுக்குத் துணி வந்தது. டீச்சர் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

சாயங்காலம் கணவர் பின்முற்றத்துப் படியில் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் போட்டிருந்த சட்டையிலேயே பொத்தானை வைத்துத் தைத்தாள். கழுத்தோரம் நகக்கீறல் ஒன்று சிவந்திருந்தது. அவள் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"போனது போகட்டும்," என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். தாழ்த்துவது இப்போது அவருக்குக் கைவந்திருந்தது. "ஒரு விஷயம் உன்கிட்ட வந்தா அது ஊருக்கே போயிடுது. இனிமேலாவது வாயைக் கட்டிக்க."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சரிங்க," என்றாள்.